பல்லுக்கு அன்டிபயோட்டிக்: கிழக்கிலங்கையில் அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

படுவான்கரையில் இருந்தாலும் சரி, கல்முனை, அக்கரைப்பற்றுப் பக்கம் இருந்தாலும் சரி, பல் நோகத் தொடங்கினால் பலர் முதலில் போவது பாமசிக்குத்தான். “பல்லுக்குக் குளிசை தாங்க” என்று வாங்கிப் போட்டு, நோ அடங்கியதும் பல்லை மறந்துவிடுவார்கள். சில மாதம் கழித்துக் கன்னம் வீங்கிய பிறகுதான் பல் வைத்தியரிடம் வருவார்கள். இதற்கிடையில் எழும் கேள்விகளைக் கீழே சேர்த்திருக்கிறேன். பதில்கள் பொதுவானவை. உங்களுக்கு எந்த மருந்து, எவ்வளவு, எத்தனை நாள் என்பதை உங்கள் வாயைத் திறந்து பார்த்த வைத்தியர்தான் சொல்ல வேண்டும்.

பனடோலுக்கும் அன்டிபயோட்டிக்குக்கும் என்ன வித்தியாசம்?

பனடோல் நோவைக் குறைக்கும், காய்ச்சலை இறக்கும். கிருமியை ஒன்றும் செய்யாது. அன்டிபயோட்டிக் பற்றீரியாவைக் கொல்லும், அல்லது பெருகவிடாமல் நிறுத்தும். நோவுக்கென்று அதில் எதுவும் இல்லை.

இரண்டையும் ஒரே பையில் போட்டுத் தருவதால்தான் குழப்பம் வருகிறது. மறுநாள் நோ குறைந்தால் குறைத்தது பெரும்பாலும் பனடோலாகவோ இபுபுரோபனாகவோ இருக்கும். பெயர் மட்டும் விலை கூடிய அன்டிபயோட்டிக்குக்குப் போய்விடும்.

தடிமன், உதட்டோரம் வரும் கொப்புளம் போன்றவை வைரஸால் வருபவை. அவற்றுக்கு அன்டிபயோட்டிக் பயன்படாது. அடிக்கடி வந்து போகும் சாதாரண வாய்ப்புண்ணுக்கும் அப்படித்தான்.

பற்றீரியாவை மட்டும் கொன்று எங்கள் உடம்பை எப்படி விட்டுவிடுகிறது?

பற்றீரியாவிடம் இருந்து எங்கள் உடற்கலங்களிடம் இல்லாத ஏதாவது ஒன்றைக் குறிபார்த்துத்தான் இந்த மருந்துகள் வேலை செய்கின்றன.

பற்றீரியாவைச் சுற்றிக் கலச்சுவர் என்று உறுதியான ஓர் உறை உண்டு. மனிதக் கலத்துக்கு அது கிடையாது. பற்றீரியாவுக்குள் அமுக்கம் அதிகம், வெளியிலுள்ள தண்ணீர் உள்ளே வரப் பார்த்துக்கொண்டே இருக்கும். சைக்கிள் டியூபை டயர் பிடித்து வைத்திருப்பதுபோல் அந்தச் சுவர்தான் அதை வெடிக்காமல் வைத்திருக்கிறது. பென்சிலினும் அதே குடும்பத்து அமொக்சிசிலினும் அந்தச் சுவரைப் பின்னிக் கட்டும் நொதியத்தில் போய் ஒட்டிக்கொள்கின்றன. வளரும் பற்றீரியா சுவருக்குப் புதுத் துண்டு போட வேண்டும். நொதியம் முடங்கிக் கிடப்பதால் அந்த இடம் பலமிழந்து பற்றீரியா வெடித்துப்போகிறது. வளராமல் சும்மா கிடக்கும் பற்றீரியாவைப் பென்சிலின் அவ்வளவாகத் தொடுவதில்லை, அதற்கும் காரணம் இதுதான்.

எரித்ரோமைசின், அசித்ரோமைசின், கிளின்டாமைசின், டொக்சிசைக்ளின் எல்லாம் வேறு வழியில் போகின்றன. புரதம் தயாரிக்கும் ரைபோசோமை அவை பிடித்து நிறுத்திவிடும். பற்றீரியாவின் ரைபோசோமும் எங்கள் கலத்தின் ரைபோசோமும் அமைப்பில் வேறு வேறு என்பதால் மருந்து பற்றீரியாவினுடையதைத்தான் இறுகப் பிடிக்கும். புரதம் இல்லாமல் பற்றீரியா பெருக முடியாது. மிச்ச வேலையை எங்கள் வெண்குருதிக் கலங்கள் பார்த்துக்கொள்ளும்.

மெட்ரோனிடசோல் இன்னொரு வகை. ஒட்சிசன் இல்லாத இடத்தில் வாழும் பற்றீரியாவுக்குள் போன பிறகுதான் அது நஞ்சாக மாறி டிஎன்ஏயை உடைக்கிறது. எங்கள் கலங்கள் ஒட்சிசனோடு வாழ்பவை, அங்கே அந்த மாற்றம் நடப்பதில்லை.

ஏன் பல்லுக்கு எப்போதும் அமொக்சிசிலினும் மெட்ரோனிடசோலும்தான் தருகிறார்கள்?

வாயில் வாழும் பற்றீரியா வகைகள் பல நூறு. சூத்தைப் பல்லின் வேரடியில் கட்டும் சீழில் ஒரே ஒரு வகை இருப்பதில்லை. காற்றோடும் வாழக்கூடிய ஸ்ட்ரெப்டோகொக்கஸ் வகைகளும், காற்றே ஆகாத வகைகளும் அங்கே கலந்துதான் கிடக்கும். முதல் கூட்டத்தை அமொக்சிசிலின் நன்றாகப் பிடிக்கும், இரண்டாவதிலும் ஒரு பகுதியைப் பிடிக்கும். மெட்ரோனிடசோல் காற்றில்லாமல் வாழ்பவற்றை மட்டும் அடிக்கும். அதனால் தொற்று கடுமையாக இருந்தால் சில சமயம் இரண்டையும் சேர்த்து எழுதுவார்கள். எல்லாச் சூத்தைப் பல்லுக்கும் சோடியாக இரண்டும் தேவை என்று நினைக்க வேண்டாம்.

மெட்ரோனிடசோல் பல் வைத்தியத்துக்குள் வந்தது தற்செயலாகத்தான். பெண்ணுறுப்பில் வரும் ஒரு ஒட்டுண்ணித் தொற்றுக்கு அந்த மருந்தை எடுத்த ஒரு பெண்ணுக்கு, முரசில் இருந்த கடும் புண்ணும் சேர்ந்து மாறியது. 1962இல் இங்கிலாந்தில் ஷின் என்ற பல் வைத்தியர் அதைக் கவனித்து எழுதினார். முரசில் புண்ணாகி நாறும் அந்த நோய்க்கு இன்றும் அந்த மருந்துதான் முதலில் நினைவுக்கு வரும்.

குளிசை போட்டால் நோ போகிறது, பிறகு திரும்ப வருகிறது. மருந்து சரியில்லையா?

மருந்தில் பிழை இல்லை, அது போய்ச் சேர முடியாத இடத்தில்தான் கிருமி இருக்கிறது. இந்தப் பக்கத்தில் ஒரே ஒரு பதிலைத்தான் வாசிப்பேன் என்றால் இதை வாசியுங்கள்.

பல்லின் நடுவில் நரம்பும் குருதிக்குழாயும் உள்ள மென்மையான பகுதி இருக்கிறது. சூத்தை ஆழமாகி அதைத் தொட்டதும் அது அழற்சியடைந்து வீங்கும். சுற்றிலும் கெட்டியான பல் என்பதால் வீங்க இடமில்லை, அதனால்தான் இரவிரவாக அப்படித் துடிக்கிறது. இந்தக் கட்டத்தில் நோ இருக்கும், ஆனால் கன்னத்திலோ எலும்பிலோ தொற்றுப் பரவியிருக்காது. 2000ஆம் ஆண்டு வெளியான ஓர் அமெரிக்க ஆய்வில் இப்படிப்பட்ட நோவோடு வந்த 40 பேரில் ஒரு பகுதியினருக்குப் பென்சிலினும் மற்றவர்களுக்கு மருந்தில்லாத வெறும் குளிசையும் கொடுத்துப் பார்த்தார்கள். நோவில் வித்தியாசம் தெரியவில்லை.

பிறகு அந்த நரம்பு செத்துப்போகும். நோ திடீரென்று நின்றுவிடும். ஆட்கள் சுகம் என்று நினைப்பது இந்த இடத்தில்தான். செத்த பல்லுக்குள் இரத்த ஓட்டம் இல்லை. நீங்கள் விழுங்கும் குளிசை இரத்தத்தில் கலந்துதான் எங்கேயும் போகும், இரத்தம் போகாத வேர்க்குழாய்க்குள் அது போகாது. அங்கே பற்றீரியா வசதியாக இருந்துகொண்டு வேர் நுனி வழியாக எலும்புக்குள் இறங்கிக்கொண்டிருக்கும். குளிசை வேருக்கு வெளியே கசிந்ததைக் கொஞ்சம் அடக்கும், உள்ளே இருக்கும் மூலம் அப்படியே கிடக்கும். சீழ் கட்டிய பையின் நடுவுக்கும் மருந்து சரியாகப் போய்ச் சேராது.

ஆகவே பல்லைத் திறந்து வேர்ச் சிகிச்சை செய்ய வேண்டும், அல்லது பிடுங்க வேண்டும், சீழ் இருந்தால் வெட்டி வடியவிட வேண்டும். இவற்றில் எதையும் செய்யாமல் வருடத்துக்கு மூன்று முறை குளிசை போடுவதை நான் வைத்தியம் என்று சொல்ல மாட்டேன்.

அப்படியென்றால் எப்போதுதான் அன்டிபயோட்டிக் தேவை?

தொற்று பல்லடியைத் தாண்டிப் பரவும்போது. காய்ச்சல், உடம்பு அசதி, கன்னத்திலோ தாடைக்குக் கீழோ விரிந்துகொண்டு போகும் வீக்கம், கழுத்தில் நெறி கட்டுதல், வாய் திறக்க முடியாமல் இறுகுதல், இப்படி ஏதாவது இருந்தால் தேவை. உடம்பின் எதிர்ப்புச் சக்தி குறைந்தவர்களுக்கும் (புற்றுநோய் மருந்து எடுப்பவர்கள், உறுப்பு மாற்றியவர்கள் போன்றோர்) வைத்தியர் கொஞ்சம் முந்தியே தொடங்கலாம். மற்றபடி ஆரோக்கியமான ஆள், பல் நோ, அல்லது முரசில் சின்னதாக ஒரு சீழ்க்கட்டி, பல் சிகிச்சை உடனே கிடைக்கிறது என்றால் அன்டிபயோட்டிக் வேண்டாம் என்பதுதான் அமெரிக்கப் பல் வைத்தியச் சங்கம் 2019இல் வெளியிட்ட வழிகாட்டலும் சொல்வது.

“சிகிச்சை உடனே கிடைக்கிறது என்றால்” என்ற பகுதி எங்கள் பக்கம் முக்கியம். வாகரையிலோ வெல்லாவெளி உட்புறத்திலோ இருக்கும் ஒருவருக்கு, வெள்ளம் வந்து ரோட்டு மூடிய கிழமையில், அது உடனே கிடைக்காது. அப்போது கிட்ட உள்ள வைத்தியர் நிலைமையைப் பார்த்து அன்டிபயோட்டிக் தொடங்கிவிட்டு, வழி திறந்ததும் பல்லைக் காட்டச் சொல்வது சரியான முடிவாக இருக்கலாம். காட்டச் சொன்னதை மறந்துவிடாமல் இருந்தால் போதும்.

வீக்கம் இருக்கும்போது பல் பிடுங்கக் கூடாது, குளிசை போட்டு வீக்கம் இறங்கினால்தான் பிடுங்கலாம் என்கிறார்களே?

ஊரில் மிக ஆழமாக வேரோடிய நம்பிக்கை இது. முழுதும் பொய்யென்று சொல்ல மாட்டேன், ஒரு பாதி உண்மை உள்ளே இருக்கிறது.

சீழ் கட்டிய இடம் அமிலத்தன்மை கூடியது. விறைப்பு ஊசி மருந்து அந்தச் சூழலில் சரியாக வேலை செய்யாது, ஆகவே நேரே வீங்கிய இடத்தில் போட்டால் விறைக்காமல் நோகும். வாய் திறக்கவே முடியாமல் இறுகியிருந்தால் கருவியை உள்ளே கொண்டுபோகவும் முடியாது. இந்த இரண்டு காரணத்துக்காகச் சில நாள் பொறுக்கச் சொல்வதுண்டு.

ஆனால் “வீக்கத்தோடு பிடுங்கினால் விஷம் மூளைக்கு ஏறும்” என்பதில் உண்மை இல்லை. தொற்றின் மூலத்தை எவ்வளவு சீக்கிரம் எடுக்கிறோமோ அவ்வளவு நல்லது. விறைப்பு ஊசியை வீங்கிய இடத்திலிருந்து தள்ளி, நரம்பு வரும் வழியில் போட்டு விறைக்கச் செய்யலாம். பல்லைப் பிடுங்கிய குழி வழியாகச் சீழும் வடிந்துவிடும். பல பேருக்கு அன்று பின்னேரமே நிம்மதி தெரியும்.

இதோடு சேர்த்து இன்னொன்றும் கேட்பார்கள்: மேல்வரிசைப் பல்லைப் பிடுங்கினால் கண் போய்விடுமா? போகாது. பல்லின் வேருக்கும் கண் நரம்புக்கும் தொடர்பு இல்லை. மாறாக, பிடுங்காமல் விட்ட மேற்பல்லின் தொற்று, அரிதாகத்தான் என்றாலும், முகத்து நாளங்கள் வழியாகக் கண்ணுக்குப் பின்னால் வரை போன சம்பவங்கள் உண்டு.

எந்த வீக்கத்துக்கு விடியும்வரை காத்திருக்கக் கூடாது?

நாக்குக்கு அடியிலோ தாடைக்குக் கீழோ இரண்டு பக்கமும் கெட்டியாக வீங்குவது, எச்சில் விழுங்க முடியாமல் வடிவது, குரல் மாறுவது, மூச்சு எடுக்கக் கஷ்டப்படுவது, படுக்க முடியாமல் எழும்பி உட்கார்வது, கண் மூடும் அளவுக்கு வீக்கம் ஏறுவது. இவற்றில் ஒன்று இருந்தாலும் பாமசி வேண்டாம், தனியார் கிளினிக் திறக்கும் நேரமும் பார்க்க வேண்டாம். 1990க்கு எடுத்துச் சுவசெரிய அம்புலன்ஸை வரச்சொல்லுங்கள், அல்லது கிடைக்கும் வாகனத்தில் பெரிய ஆஸ்பத்திரியின் அவசர சிகிச்சைப் பிரிவுக்குப் போங்கள்.

கீழ்க்கொடுப்புப் பல்லின் தொற்று நாக்கடிக்குப் பரவும் இந்த நிலையை 1836இல் லூட்விக் என்ற ஜெர்மன் வைத்தியர் விவரித்தார். அன்டிபயோட்டிக் வருவதற்கு முன் இது வந்தவர்களில் பாதிக்கு மேல் இறந்துபோனார்கள். இன்றைக்கு ஊசி மூலம் ஏற்றும் அன்டிபயோட்டிக்கும், மூச்சு வழியைக் காப்பதும், வெட்டிச் சீழ் எடுப்பதும் சேர்ந்து பெரும்பாலானோரைக் காப்பாற்றுகின்றன. வீட்டில் குளிசை விழுங்கிக்கொண்டு இருந்தால் அந்த வாய்ப்புக் கைநழுவும்.

பாமசியில் நேரே கேட்டால் தருகிறார்கள்தானே, பிறகென்ன?

சட்டப்படி இலங்கையில் அன்டிபயோட்டிக்கை வைத்தியரின் துண்டு இல்லாமல் விற்கக் கூடாது. சில இடங்களில் தருகிறார்கள் என்பது வேறு கதை. கவுண்டருக்கு அந்தப் பக்கம் நிற்பவர் உங்கள் வாயைப் பார்க்கவில்லை. நீங்கள் வேறு என்ன மருந்து எடுக்கிறீர்கள் என்பதும் அவருக்குத் தெரியாது.

உதாரணத்துக்கு வார்பரின். இருதய வருத்தத்துக்காக இரத்தம் உறையாமல் இருக்க அதை எடுப்பவர் மெட்ரோனிடசோல் போட்டால் வார்பரினின் வேகம் கூடி இரத்தக்கசிவு வரலாம். மூட்டு வாதத்துக்கு மெதோட்ரெக்ஸேட் எடுப்பவர்கள் அமொக்சிசிலினோடு கவனமாக இருக்க வேண்டும். அதோடு பாமசியில் ஆறு குளிசை, எட்டுக் குளிசை என்று கையில் உள்ள காசுக்கு ஏற்ப வெட்டி வாங்கும் பழக்கமும் இருக்கிறது. அரச வைத்தியசாலைப் பல் பிரிவில் பல்லைப் பார்ப்பதும் பிடுங்குவதும் இலவசம் என்று தெரிந்துகொண்டும் காசு கொடுத்து அரைகுறை மருந்து வாங்குவது ஏன் என்று எனக்கு இன்னும் விளங்கவில்லை. வரிசையில் நிற்க வேண்டும், அது உண்மை.

அக்கா வீட்டில் மிச்சம் கிடந்த குளிசைக்கும் இதே பதில்தான்.

இரண்டு நாளில் சுகமாகிவிட்டது. மிச்சத்தை நிறுத்தலாமா?

வைத்தியர் எழுதிய நாட்கள்வரை எடுங்கள். பல் தொற்றுக்கு இப்போது நீண்ட நாட்கள் எழுதுவதில்லை. மூலத்தை எடுத்துவிட்டால் பெரும்பாலும் மூன்றிலிருந்து ஏழு நாளுக்குள் முடிந்துவிடும். பத்து நாள், இரண்டு கிழமை என்று நீட்டினால் கிருமி கூடச் சாகும் என்று எண்ண வேண்டாம், குடலில் உள்ள நல்ல பற்றீரியாதான் வீணாகச் சாகும். மூன்றாம் நாள் ஆகியும் வீக்கம் இறங்கவில்லை என்றால் மருந்தை நீங்களாக மாற்றாமல் திரும்பப் போய்க் காட்டுங்கள். சீழ் இன்னும் உள்ளே நிற்கிறது என்பதுதான் வழக்கமான காரணம்.

நோன்பு காலத்தில் மூன்று வேளைக் குளிசையை எப்படி எடுப்பது?

காத்தான்குடி, ஏறாவூர், கல்முனை, சாய்ந்தமருது எங்கும் ரமழானில் வரும் கேள்வி. சஹருக்கு ஒன்று, நோன்பு திறக்கும்போது ஒன்று, படுக்கும்போது ஒன்று என்று தாங்களே கணக்குப் போட்டுக்கொள்வார்கள். பிரச்சினை என்னவென்றால் அமொக்சிசிலின் இரத்தத்தில் நிற்பது கொஞ்ச நேரம்தான். ஏறக்குறைய ஒரு மணித்தியாலத்துக்கு ஒருமுறை அதன் அளவு பாதியாகக் குறைந்துகொண்டே போகும். இந்தக் குடும்பத்து மருந்துகளுக்கு ஒரே முறையில் எவ்வளவு போட்டோம் என்பதைவிட, எவ்வளவு நேரம் இரத்தத்தில் போதிய அளவு நின்றது என்பதுதான் முக்கியம். மூன்றையும் இரவுக்குள் நெருக்கிவிட்டால் பகல் முழுதும் பற்றீரியாவுக்கு ஓய்வு கிடைக்கும்.

ஆகவே நோன்பு பிடிக்கிறேன் என்று வைத்தியரிடம் முதலிலேயே சொல்லுங்கள். நாளுக்கு ஒருமுறை அல்லது இருமுறை எடுக்கும் மருந்தாக மாற்ற முடியுமா என்று பார்ப்பார். தொற்று கடுமை என்றால் நோயாளிக்கு மார்க்கத்திலேயே சலுகை இருக்கிறது, விட்ட நோன்பைப் பிறகு கழாவாகப் பிடித்துக்கொள்ளலாம். விறைப்பு ஊசி, பல் பிடுங்குதல் பற்றிய சந்தேகத்தை உங்கள் மௌலவியிடம் கேட்டுக்கொள்ளுங்கள், அதில் நான் தலையிடுவதில்லை.

மருந்து எடுக்கும்போது தயிர் சாப்பிடலாமா? நண்டு, இறால்?

மட்டக்களப்பில் இருந்துகொண்டு எருமைத் தயிரை ஒரு கிழமை விடச் சொன்னால் யார் கேட்பார்கள்! அமொக்சிசிலினுக்குத் தயிர், பால், சோறு எதுவும் தடையில்லை. டொக்சிசைக்ளின், சிப்ரோபுளொக்சசின் என்றால் மட்டும் கவனம். பாலிலும் தயிரிலும் உள்ள கல்சியம் அந்த மருந்தைப் பிடித்துக்கொள்வதால் அது உடம்பில் சேராது. இரண்டு மணித்தியாலமாவது இடைவெளி விடுங்கள்.

நண்டு, இறால், கத்தரிக்காய் எல்லாம் கிரந்தி என்று பல் பிடுங்கியபின் ஒதுக்குவார்கள். அவற்றுக்கு ஒவ்வாமை இல்லாதவர்கள் சாப்பிட்டால் குழியில் சீழ் வராது. நண்டு ஓட்டைக் கடிப்பதைத்தான் சில நாள் தள்ளிப்போடச் சொல்வேன். நல்ல சூடான கஞ்சியும் பிளேன்டீயும் முதல் நாள் வேண்டாம், ஆறவைத்துக் குடியுங்கள்.

சாராயம், கசிப்பு, பியர் எதுவானாலும் மெட்ரோனிடசோல் எடுக்கும் நாட்களிலும் முடிந்து இரண்டு நாளைக்கும் வேண்டாம். சிலருக்குச் சத்தி, முகம் சிவத்தல், நெஞ்சுப் படபடப்பு என்று கடுமையாக வரும்.

எனக்குப் பென்சிலின் ஒத்துக்காது. என்ன செய்வது?

முதலில், என்ன நடந்தது என்று நினைவுபடுத்திப் பாருங்கள். வயிற்றோட்டமோ ஓங்காளமோ வந்திருந்தால் அது பக்கவிளைவு, ஒவ்வாமை அல்ல. உடம்பெல்லாம் தடித்துச் சொறிந்தது, முகமோ உதடோ வீங்கியது, மூச்சு இழுத்தது, மயக்கம் வந்தது என்றால் அது ஒவ்வாமை. பென்சிலின் ஆகாது என்று சொல்பவர்களில் பெரும்பாலானோருக்குப் பரிசோதித்துப் பார்த்தால் உண்மையான ஒவ்வாமை இருப்பதில்லை. அதற்காக வீட்டில் போட்டுப் பார்த்துத் தீர்மானிக்க வேண்டாம். நடந்ததை அப்படியே வைத்தியரிடம் சொன்னால் அசித்ரோமைசின் போன்ற வேறு மருந்தைத் தெரிவு செய்வார். உண்மையான ஒவ்வாமை உள்ளவர்கள் அதை ஒரு அட்டையில் எழுதி அடையாள அட்டையோடு வைத்திருங்கள்.

கர்ப்பிணிகளும் பிள்ளைகளும்?

கர்ப்ப காலத்தில் அமொக்சிசிலின் நீண்டகாலமாகப் பாவிக்கப்பட்டு வருகிறது, தேவைப்பட்டால் எழுதுவார்கள். பல் பிடுங்குவதும் விறைப்பு ஊசியும் தடையில்லை, நடு மூன்று மாதங்கள் வசதியான காலம். குடும்ப நல உத்தியோகத்தரிடம் பல் நோ என்று சொல்லத் தயங்க வேண்டாம். டெட்ராசைக்ளின், டொக்சிசைக்ளின் வகைகளைத் தவிர்ப்பார்கள். டெட்ராசைக்ளின் வளரும் பல்லில் படிந்து நிரந்தரமாக மஞ்சள், மண்ணிறமாக்கிவிடும். அதனால்தான் எட்டு வயதுக்குக் குறைந்த பிள்ளைகளுக்கும் அதை எழுதுவதில்லை.

பிள்ளைகளுக்கு அளவு நிறையைப் பொறுத்தது. பெரியவர்களின் குளிசையைப் பாதியாக உடைத்துக் கொடுப்பது கணக்கே இல்லாத வேலை. பவுடராக வரும் பாணி மருந்தென்றால் கொதித்து ஆறிய தண்ணீரைப் போத்தலில் உள்ள அடையாளம்வரை விட்டுக் கலக்குங்கள். ஒவ்வொரு முறையும் குலுக்கி, தேக்கரண்டியை விட்டுவிட்டு அதோடு வரும் அளவுக் கோப்பையில் அளந்து கொடுங்கள். கலந்தபின் எத்தனை நாள் வைத்திருக்கலாம் என்று போத்தலில் எழுதியிருக்கும், பிறகு ஊற்றிவிடுங்கள்.

இருதய வால்வு மாற்றியிருக்கிறேன். பல் பிடுங்க முன் மருந்து போடச் சொல்கிறார்களே?

பல் பிடுங்கும்போது வாயிலுள்ள பற்றீரியா சில நிமிடம் இரத்தத்தில் கலக்கும். ஆரோக்கியமான ஆளுக்கு அது ஒரு பொருட்டே இல்லை. செயற்கை வால்வு வைத்தவர்கள், முன்பு இருதய உட்படலத்தில் தொற்று வந்தவர்கள், பிறவியிலேயே சில வகை இருதயக் குறைபாடு உள்ளவர்கள் என்றால் அந்தப் பற்றீரியா அங்கே போய்க் குடியேறலாம். ஆகவே பிடுங்குவதற்கு 30 முதல் 60 நிமிடத்துக்கு முன் அமொக்சிசிலின் ஒரே தடவையாக, பெரியவருக்கு வழக்கமாக 2 கிராம் கொடுப்பார்கள். அதற்குப் பிறகு நாட்கணக்கில் போடத் தேவையில்லை.

சின்ன வயதில் வாதக் காய்ச்சல் வந்து மாதாந்தம் பென்சிலின் ஊசி போடுபவர்கள் அதைப் பல் வைத்தியரிடம் கட்டாயம் சொல்ல வேண்டும். ஏற்கெனவே பென்சிலின் பழகிய வாயில் அதற்கு அடங்காத பற்றீரியா இருக்கக்கூடும் என்பதால் வேறு மருந்தை யோசிப்பார்கள். மருந்து தேவையா இல்லையா என்பதை இருதய கிளினிக் வைத்தியரோடு பேசித் தீர்மானிப்பார்கள்.

சீனி வருத்தக்காரர் பல் பிடுங்கலாமா?

பிடுங்கலாம். சீனி கட்டுப்பாட்டில் இருந்தால் சாதாரண ஆளைப் போலத்தான், தனியாக அன்டிபயோட்டிக் வேண்டியதில்லை. சீனி எகிறிக் கிடந்தால் தொற்றுப் பரவும், ஆறவும் நாளெடுக்கும். தொற்று இருந்தால் சீனியும் இறங்காது. ஆகவே ஒன்றைக் காட்டி மற்றதைத் தள்ளிப்போடாமல் இரண்டையும் சேர்த்துப் பார்க்க வேண்டும். காலைச் சாப்பாட்டையும் மருந்தையும் வழக்கம்போல் எடுத்துவிட்டு வாருங்கள். வெறும் வயிற்றோடு வந்து கதிரையில் மயங்குபவர்கள்தான் அதிகம்.

பல் பிடுங்கி மூன்று நாளில் பயங்கர நோ. கிருமி தொற்றிவிட்டதா?

பெரும்பாலும் இல்லை. குழியில் உறைந்த இரத்தக்கட்டி கழன்று எலும்பு வெளியே தெரிவதால் வருவது. கீழ்க்கொடுப்புப் பல்லில், புகை பிடிப்பவர்களுக்கு, முதல் நாளே பலமாகக் கொப்பளித்தவர்களுக்கு அதிகம் வரும். இதற்கு அன்டிபயோட்டிக் பயனில்லை. குழியைக் கழுவி மருந்து வைத்துவிட்டால் அடங்கும். காய்ச்சலோ வீக்கமோ சேர்ந்து வந்தால் அது வேறு.

முரசால் இரத்தம் வருகிறது, பல் ஆடுகிறது. குளிசை போட்டு இறுக்க முடியாதா?

முடியாது. முரசுக்கடியில் பற்றீரியா தனித்தனியாக அலைவதில்லை. பிசின்போன்ற படலம் கட்டி, அதன்மேல் காவி ஏறிக் கல்லாகிக் கிடக்கும். அந்தப் படலத்துக்குள் இருக்கும் பற்றீரியாவை மருந்து தனியே கொல்லாது, சுரண்டி எடுக்க வேண்டும். சுரண்டியபின், சில கடுமையான நிலைகளில் மட்டும் மருந்து துணைக்கு வரும்.

வெற்றிலை போடுபவர்களுக்குத் தனியாக ஒரு வார்த்தை. பாக்கும் புகையிலையும் போடும் வாயில் ஆறாத புண்ணோ, வெள்ளை அல்லது சிவப்புப் படையோ, வாய் திறப்பது குறைவதோ இருந்தால் அதற்கு அன்டிபயோட்டிக் போட்டுக் காலம் கடத்த வேண்டாம். இலங்கை ஆண்களிடம் அதிகம் காணப்படும் புற்றுநோய் வாய்ப் புற்றுநோய். மூன்று கிழமை தாண்டிய எந்தப் புண்ணையும் காட்டுங்கள்.

“இந்தக் குளிசை என் உடம்புக்குப் பழகிவிட்டது” என்கிறார்கள். அப்படி நடக்குமா?

பழகுவது உங்கள் உடம்பு அல்ல, பற்றீரியா. சில பற்றீரியா பென்சிலினை வெட்டிப்போடும் நொதியத்தைத் தயாரிக்கின்றன. 1941இல் மனிதருக்குப் பென்சிலின் ஏற்றிச் சிகிச்சை தொடங்குவதற்கு முந்திய ஆண்டே அந்த நொதியத்தை ஒக்ஸ்போர்டில் கண்டுபிடித்துவிட்டார்கள். பென்சிலினை 1928இல் கண்ட பிளெமிங், 1945இல் நோபல் பரிசு பெற்றபோது ஆற்றிய உரையிலேயே குறைந்த அளவில் மருந்து போட்டால் பற்றீரியா எதிர்ப்புப் பெறும் என்று எச்சரித்தார்.

ஒவ்வொரு முறை குளிசை போடும்போதும் வாயிலும் குடலிலும் உள்ள பலவீனமானவை செத்து, தாங்கக்கூடியவை மிஞ்சும். அவை அந்தத் திறனின் மரபணுவைப் பக்கத்தில் உள்ள வேறு இனத்துக்கும் கொடுக்கும், வீட்டில் உள்ளவர்களுக்கும் பரவும். இந்த நொதியத்தைச் சமாளிக்கத்தான் அமொக்சிசிலினோடு கிளவுலானிக் அமிலம் சேர்த்த மருந்து இருக்கிறது. “பவர் கூடினது” என்று அதைக் கேட்டு வாங்குகிறார்கள். பவர் கூடினதைப் பல்நோவுக்கே செலவழித்துவிட்டால் நாளைக்கு நிமோனியாவுக்கோ சிறுநீர்த் தொற்றுக்கோ எதைக் கொடுப்பது?

நாளைக் காலைதான் ஆஸ்பத்திரிக்குப் போக முடியும். இன்றிரவை எப்படிக் கழிப்பது?

பெரியவர் என்றால் பனடோல் 500 மில்லிகிராம் இரண்டு, ஆறு மணித்தியாலத்துக்கு ஒருமுறை. 24 மணித்தியாலத்தில் எட்டுக்கு மேல் போகக் கூடாது. ஈரல் வருத்தம் உள்ளவர்களுக்கும் நிறை குறைந்தவர்களுக்கும் இந்த அளவு பொருந்தாது. இபுபுரோபன் பல்நோவுக்கு நன்றாகக் கேட்கும், ஆனால் வயிற்றுப் புண், சிறுநீரக வருத்தம், இழுப்பு உள்ளவர்களும் கர்ப்பிணிகளும் தவிர்க்க வேண்டும். மாரி காலத்தில் காய்ச்சலும் சேர்ந்திருந்தால் யாருமே அதைத் தொட வேண்டாம். அது டெங்கு என்றால் இபுபுரோபனும் அஸ்பிரினும் டைக்குளோபெனக்கும் இரத்தக்கசிவைக் கூட்டும்.

கராம்பெண்ணெயைப் பஞ்சில் ஒரு சொட்டு தொட்டுச் சூத்தைக் குழியில் மட்டும் வைக்கலாம், முரசில் பட்டால் எரிக்கும். இளஞ்சூட்டு உப்புத் தண்ணீரில் கொப்பளியுங்கள். தலையை உயர்த்திப் படுங்கள். பற்றரி அமிலம், பெற்றோல், பொடித்த அஸ்பிரின் எதையும் பல்லில் வைக்காதீர்கள், வெந்துபோன முரசோடு வருபவர்கள் இப்போதும் இருக்கிறார்கள்.

காலையில் போகும்போது கிளினிக் கொப்பியையும், எடுத்துக்கொண்டிருக்கும் குளிசை அட்டைகளையும், பாமசியில் வாங்கிய அன்டிபயோட்டிக் மிச்சம் இருந்தால் அதையும் கொண்டுபோங்கள். எத்தனை போட்டீர்கள் என்று கேட்பார்கள், ஒளிக்காமல் சொல்லுங்கள்.